கண்டிப்பா பண்றேன்!

அம்பத்தூரில் ஒரு கல்யாணத்துக்கு 500 பேரைக் கூட்டுவது பெரிய வித்தை இல்லை. பத்திரிகையின் மேல் பெயரை எழுதி, ஓரத்தில் மஞ்சள் தடவி நீட்டி, "குடும்பத்தோட வந்துரணும்" என்றால் போதும். குடும்பத்தோடு பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். காதுகுத்து, வளைகாப்பு, கிரகப்பிரவேசம் என்று எதற்கு அழைத்தாலும் சி.டி.எச். ரோடு டிராஃபிக்கை நீந்திக் கடந்து சனம் வந்து சேரும். ஆனால் செல்போனில் ஒரு ஆப்பை இறக்கி, 14 நாள் அழிக்காமல் வைத்துக்கொள்ள 12 பேரைச் சேர்த்துப் பாருங்கள். நம் மக்கள் எவ்வளவு பிரியமானவர்கள், அந்தப் பிரியம் எந்த இடத்தில் நின்றுவிடும் என்ற இரண்டு விஷயமும் ஒருசேர விளங்கிவிடும்.

அது என்ன 12, அது என்ன 14? கேட்ட சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது. கூகுள் பிளே ஸ்டோரில் ஆப் போட விரும்புகிறவர், ஒரே ஒரு முறை 25 டாலர் கட்டிக் கணக்குத் தொடங்கவேண்டும். முன்பெல்லாம் அதோடு சரி. 2023 நவம்பர் 13-க்குப் பிறகு தனி நபர் கணக்குத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு நிபந்தனை சேர்ந்தது. ஆப்பை ஊருக்குத் திறந்துவிடும் முன் குறைந்தது 20 பேரிடம் கொடுக்கவேண்டும்; அவர்கள் தொடர்ந்து 14 நாள் சோதனையில் இருக்கவேண்டும். தனி ஆட்கள் போட்ட கூச்சலோ என்னவோ, 2024 டிசம்பரில் 20 என்பது 12 ஆனது. கம்பெனி பெயரில் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. "பேசாம ஒரு கம்பெனி ஆரம்பிச்சிரு மாப்ள, அது சுலபம்" என்று நண்பர் ஒருவர் சொன்னபோது சிரித்தேன். பிறகு வந்த நாட்களில் அதற்கு என்னென்ன காகிதம் வேண்டும் என்று விசாரிக்கிற அளவுக்குப் போனேன்.

கூகுள் பக்கத்து நியாயத்தையும் சொல்லவேண்டும். 2023-ல் மட்டும் விதிமீறிய 22 லட்சத்து 80 ஆயிரம் ஆப்களை வாசலிலேயே தடுத்ததாகவும், 3 லட்சத்து 33 ஆயிரம் கணக்குகளை முடக்கியதாகவும் அந்த நிறுவனம் சொல்கிறது. டார்ச் லைட் என்று சொல்லி உள்ளே வந்து, போனில் உள்ள மொத்த நம்பரையும் அள்ளிக்கொண்டு போகிற ஆப்கள் உண்டு. ஆகவே 'உன் ஆப்பை நம்புகிற 12 பேரைக் கொண்டு வா' என்பது தவறான கேள்வி இல்லை. ஆனால் இதே நிறுவனத்தின் ஜிமெயில் 2004 ஏப்ரல் 1 அன்று வந்து, 2009 ஜூலை வரை 'பீட்டா' என்று நெற்றியில் எழுதிக்கொண்டே உலகம் முழுக்க ஓடியது. ஐந்து வருஷம் மொத்த உலகமும் சம்பளமில்லாத டெஸ்டராக இருந்தது. ஜேக்கப் நீல்சன் என்ற வல்லுநரோ, ஐந்தே பேரை வைத்துச் சோதித்தால் போதும், குறைகளில் ஏறக்குறைய 85 சதவீதம் தெரிந்துவிடும் என்று 2000-லேயே எழுதிவிட்டார். அந்த ஐந்து பேரை எங்கே பிடிப்பது என்று மட்டும் அவர் எழுதவில்லை.

என் ஆப் என்ன என்று சொல்லிவிடுகிறேன். மொய்க் கணக்கு.

எங்கள் பூர்வீகம் பேராவூரணிப் பக்கம். ஆடி மாதம் பிறந்தால் மொய் விருந்துக்குப் பந்தல் போடுகிற சீமை. அங்கே கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு வைக்கிற மொய்யில் கிணறு வெட்டியவர் உண்டு, பிள்ளையைப் படிக்கவைத்தவர் உண்டு, ஆள் வைத்து எண்ணுமளவுக்குப் பணம் குவிந்த பந்தலும் உண்டு. மதுரை, தேனிப் பக்கம் மொய் எழுதுகிறவர் லேப்டாப்பும் பிரிண்டருமாகவே வந்து உட்கார்ந்து ரசீது கொடுக்கிறார். எங்கள் வீட்டில் மட்டும் இன்னும் நோட்டுதான். மூலையில் மஞ்சள் தடவிய லாங் சைஸ் நோட்டுகள், டிரங்குப் பெட்டியில் துணிகளுக்கு அடியில், நகைக்குப் பக்கத்தில். ஒரு பத்திரிகை வந்தால் அம்மா அந்தப் பெட்டியைத் திறப்பார். "இவங்க நம்ம பெரியவன் கல்யாணத்துக்கு 501 வெச்சாங்க. கிரகப்பிரவேசத்துக்கு வரல, ஆனா 200 குடுத்தனுப்பினாங்க" என்று தீர்ப்பு வரும். அந்த நோட்டுகளைப் போனுக்குள் கொண்டுவருவதுதான் என் திட்டம். பகலில் அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை, ராத்திரியில் ஆப். எழுதி முடித்தது வரை எல்லாம் நன்றாகத்தான் போனது.

முதல் டெஸ்டராக நான் குறிவைத்தது ஆவடியில் இருக்கிற பெரியப்பாவை. சோதனைக்கு வருகிறவரின் ஜிமெயில் முகவரியை வாங்கிப் பட்டியலில் சேர்க்கவேண்டும். பிறகு ஒரு லிங்க் அனுப்பவேண்டும். அவர் அதைத் தொட்டு, 'டெஸ்டராகச் சேர்கிறேன்' என்று ஒப்புக்கொண்டு, அப்புறம் ஆப்பை இறக்கவேண்டும். அவ்வளவுதான்.

"பெரியப்பா, உங்க மெயில் ஐடி சொல்லுங்க."

"ஓடிபி வருமா?"

"வராது பெரியப்பா."

"வந்தா யார் கேட்டாலும் சொல்லக் கூடாதுன்னு பேங்க்ல சொல்லியிருக்காங்க. உனக்கும் சொல்லமாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்."

"ஓடிபியே வேணாம். ஐடி மட்டும் போதும்."

"அது போன் வாங்கினப்ப கடைக்காரப் பையன் போட்டுக் குடுத்தான். என் பேர்ல போட்டானா அவன் பேர்ல போட்டானான்னு தெரியல. நீயே பாத்துக்க."

பார்த்தேன். அந்தப் போனில் மூன்று ஜிமெயில் கணக்குகள் இருந்தன. ஒன்று கடையின் பெயரும் ஒரு நம்பருமாக இருந்தது. இன்னொன்று பேரன் விளையாட்டுக்காகத் தொடங்கியது, அதில் 'கில்லர்' என்ற சொல் இருந்தது. மூன்றாவதுதான் பெரியப்பா. பிளே ஸ்டோரோ கில்லர் பெயரில் ஓடிக்கொண்டிருந்தது. நான் பெரியப்பாவைப் பட்டியலில் சேர்த்தால், லிங்க்கைத் திறப்பது கில்லராக இருக்கும். 'இந்தப் பக்கம் கிடைக்கவில்லை' என்று வரும். பெரியப்பா என்னை ஒரு மாதிரி பார்ப்பார். கடைசியில் கில்லரையே டெஸ்டராகச் சேர்த்தேன்.

அடுத்தது குடும்ப வாட்ஸ்அப் குழு. லிங்க்கைப் போட்டு, பணிவாக நாலு வரி எழுதினேன். கும்பிடு, பூங்கொத்து, "வாழ்த்துகள் தம்பி", "நம்ம குடும்பத்துக்கே பெருமை" என்று மழையாகக் கொட்டியது. ஒருவரும் லிங்க்கைத் தொடவில்லை. கொஞ்ச நேரத்தில் மாமா ஒருவர், 'முன்பின் தெரியாத லிங்க்குகளைத் தொடாதீர்கள், சைபர் கிரைம் எச்சரிக்கை' என்ற காணொளியைப் பகிர்ந்தார். எனக்கு வாழ்த்துச் சொன்ன அத்தனை பேரும் அதற்கும் கும்பிடு போட்டார்கள்.

அதையும் மீறிச் சிலர் முன்வந்தார்கள். அவர்களை வகை பிரித்துச் சொல்லலாம்.

"கண்டிப்பா பண்றேன்" வகையினர் முதல் வரிசை. நம் பக்கத்தில் முடியாது என்று யாரும் முகத்துக்கு நேராகச் சொல்வதில்லை. அது மரியாதை இல்லை. ஆகவே முடியாது என்பதையும் கண்டிப்பாக என்றே சொல்வார்கள். "இன்னைக்கு நைட் உக்கார்றேன் தம்பி" என்றால் அந்த நைட் காலண்டரில் இல்லை என்று பொருள்.

இரண்டாவது, ஐபோன்காரர்கள். அமெரிக்க மச்சான் துடியாய்த் துடித்தான். ஆனால் அவன் கையில் ஆப்பிள். அந்தக் கடையில் நுழைய வருஷத்துக்கு 99 டாலர். அங்கே டெஸ்ட்ஃபிளைட் என்ற ஏற்பாட்டில் வெளியாட்கள் 10,000 பேர் வரை சோதிக்கலாம். 10,000 பேருக்கு இடம் இருக்கிற கடையில் எனக்கு ஒரே ஒரு மச்சான்.

மூன்றாவது, "சூப்பர்" வகை. இவர்கள் ஆப்பை இறக்கிவிட்டார்கள் என்பது உண்மை. "எப்படி இருக்கு?" என்றால் "சூப்பர்". "எது பிடிச்சிருந்தது?" என்றால் கொஞ்சம் யோசித்துவிட்டு, "கலர்." திறந்தால்தானே மற்றது தெரியும்.

நான்காவது வகையினர் கள்ளமில்லாதவர்கள். போனில் இடமில்லை என்று அறிவிப்பு வந்ததும், அவர்கள் முதலில் அழிப்பது என் ஆப்பை. கைவசம் ஆயிரக்கணக்கான 'இனிய காலை வணக்கம்' படங்கள் இருக்கும். அதில் ஒரு ரோஜாவைக்கூடத் தொடமாட்டார்கள்.

ஐந்தாவதாகச் சித்தி பெண்ணைச் சொல்லவேண்டும். ஐ.டி. கம்பெனியில் டெஸ்டிங் வேலை பார்க்கிறாள். சம்பளம் வாங்கிக்கொண்டு ஆயுசு முழுக்க டெஸ்ட் செய்கிற ஒரே சொந்தம். ஆவலோடு கேட்டேன். "பண்ணலாம்ண்ணா. ரிக்வயர்மென்ட் டாகுமென்ட் அனுப்புங்க, டெஸ்ட் கேஸ் எழுதறேன். சைன் ஆஃப் யார் தருவாங்க?" என்றாள். "அம்மாதான்" என்றேன். அதோடு அந்தப் பேச்சு நின்றது.

இப்படிச் சேர்ந்தவர்களிலும் சிலரை வருமான வரி கொண்டுபோனது. "இதெல்லாம் இன்கம் டாக்ஸுக்குத் தெரிஞ்சிருமா?" என்று அத்தை கேட்டார். போனை விட்டு எதுவும் வெளியே போகாது என்றேன். கல்யாணத்தில் மணமக்களுக்கு வரும் அன்பளிப்புக்கு வரி கிடையாது என்று சட்டமே சொல்கிறது என்றும் தைரியம் கொடுத்தேன். ஆடிட்டரிடம் வேலை பழகும் பையன் ஒருவன் உடனே குழுவில் எழுதினான்: "ஆமா, ஆனா அது கல்யாணத்துக்கு மட்டும்தான். காதுகுத்துக்கு இல்லை. உறவுக்காரங்க இல்லாதவங்க குடுத்தது வருஷத்துக்கு 50,000-ஐத் தாண்டினா வரி உண்டு." சமீபத்தில் காதுகுத்து நடத்தியவர்கள் அன்றே கழன்றுகொண்டார்கள். ஒருவர் கழன்றால், அந்த இடத்தில் சேர்கிறவர் மறுபடி முதலிலிருந்து 14 நாள் இருக்கவேண்டும். இதை அந்தப் பையனிடம் சொன்னேன். "சட்டத்தைத்தானண்ணா சொன்னேன்" என்றான்.

இதில் பெரிய வேடிக்கை, நான் ஆள் தேடி அலைந்த வட்டாரமே சோதனைக்குப் பேர்போனது என்பது. ஆவடியில் இறங்கினால் டேங்க் ஃபேக்டரி. 1965-லேயே விஜயந்தா டாங்கியை வெளியே அனுப்பிய இடம். அதே ஆவடியில்தான் சி.வி.ஆர்.டி.இ. ஆய்வகம் இருக்கிறது. அங்கே வடிவமைத்த அர்ஜுன் டாங்கிக்கு அனுமதி கிடைத்தது 1974-ல். ராணுவத்தின் கைக்கு முதல் தொகுதி போனது 2004-ல். நடுவில் இருந்த 30 வருஷத்தில் ராணுவம் ஓட்டிப் பார்த்தது, குறை சொன்னது, ஆவடிக்காரர்கள் திருத்தினார்கள், மறுபடி ராஜஸ்தான் மணலில் ஓட்டியது, மறுபடி குறை சொன்னது. 70-க்கும் மேற்பட்ட மாற்றங்களோடு அடுத்த வடிவம் கைமாறியது 2021 பிப்ரவரியில். டேங்க் ஃபேக்டரியில் ரிட்டயரான உறவுக்காரர் ஒருவரிடம் என் கஷ்டத்தைச் சொன்னேன். "அர்ஜுனுக்கே முப்பது வருஷம்டா. உனக்கு ரெண்டு வாரம் கசக்குதா?" என்றார். அவரும் கண்டிப்பாகப் பண்ணுகிறேன் என்றுதான் சொல்லியிருந்தார்.

பூந்தமல்லிப் பக்கம் போனால் மெட்ரோ. பூந்தமல்லிக்கும் முல்லைத்தோட்டத்துக்கும் நடுவே 2025 மார்ச்சில் முதல் சோதனை ஓட்டம் நடந்தது. பாலத்துக்கு அடியில் டீக்கடைகளில் நின்றவர்களெல்லாம் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்கள். ரயில் சோதனைகளில் பயணிகளின் கனத்துக்கு ஈடாக மணல் மூட்டைகளை ஏற்றி ஓட்டுவது வழக்கம். அதைக் கேள்விப்பட்டபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. மணல் மூட்டையைவிட நம்பகமான டெஸ்டர் உண்டா? ஏற்றினால் தானாக இறங்காது. இடமில்லை என்று யாரையும் அழிக்காது. 'சூப்பர்' என்று சொல்லாது. ஜிமெயில் ஐடி இல்லை என்பது ஒன்றுதான் குறை.

சொந்தம் கைவிட்டால் சந்தைக்குத்தான் போகவேண்டும். உலகம் முழுக்க என்னைப்போல் தவிக்கும் தனி ஆட்கள், ஒருவருக்கொருவர் டெஸ்ட் செய்துகொள்ளும் குழுக்களை இணையத்தில் வைத்திருக்கிறார்கள். நீ என் ஆப்பை இறக்கு, நான் உன் ஆப்பை இறக்குகிறேன். இறக்கியதற்குச் சாட்சியாக ஸ்கிரீன்ஷாட் அனுப்பு, நானும் அனுப்புகிறேன். உள்ளே போய்ப் பார்த்த எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மொய் ஆப்புக்கு டெஸ்டர் தேடிப் போனால், அங்கே நடப்பதே மொய்! வாங்கியதை எழுதிவைக்கிறார்கள். எழுதிவைத்ததைத் திருப்புகிறார்கள். திருப்பாதவனைப் பொதுவில் பெயர் சொல்லி வைகிறார்கள். அவசரக்காரன் ஒருவன், தன் ஆப்பை இறக்குகிறவர்களுக்கு இரண்டு போனில் திருப்பிச் செய்வதாக அறிவித்திருந்தான். வட்டியோடு மொய். பேராவூரணிப் பந்தலில் விருந்துக்குப் போனவர் பந்திக் குழம்பைப் பற்றி எவ்வளவு கவலைப்படுவாரோ, அவ்வளவுதான் இங்கே ஒருவர் ஆப்பைப் பற்றி மற்றவர் கவலைப்படுவது. வந்த வேலை வேறு.

நானும் வைத்தேன். தண்ணீர் குடிக்க ஞாபகப்படுத்தும் ஆப், குழந்தை அழுகையை நிறுத்தும் ஆப், பூனைக்குத் தடுப்பூசி தேதி சொல்லும் ஆப் என்று என் போன் நிரம்பியது. மணிக்கு ஒரு தரம் அது தண்ணீர் குடிக்கச் சொல்லும். எஸ்டேட்டில் மேனேஜரோடு மீட்டிங்கில் இருக்கும்போது பூனைக்கு ஊசி போடச் சொல்லும். பதிலுக்கு பிரேசிலில் இருந்து ஒருவர் என் ஆப்பை இறக்கினார். ஒத்தாசையான மனிதர், திறந்தும் பார்த்துவிட்டார். 'டெஸ்ட்' என்ற பெயரில் ஒரு ரூபாய் மொய் எழுதினார். பிறகு மொழிபெயர்ப்பு வைத்து எனக்கொரு கேள்வி அனுப்பினார்: "நன்றாக இருக்கிறது. ஆனால் அவர்கள் திருமணம் செய்துகொண்டதற்கு நான் ஏன் பணம் தரவேண்டும்?" இதற்குப் பதில் தெரிந்த ஒரு ஆள் நம் தமிழ்நாட்டில் இல்லை.

காசு கொடுத்தால் 12 பேரையும் மொத்தமாகச் சேர்த்துத் தருகிறோம் என்பவர்களும் அங்கே உண்டு. அவர்கள் 14 நாளும் அசையமாட்டார்கள், அதே சமயம் ஆப்பைத் திறக்கவும் மாட்டார்கள். சோதனை முடிந்து விண்ணப்பிக்கும்போது, ஆட்களை எப்படிச் சேர்த்தாய், அவர்கள் ஆப்பை எப்படிப் பயன்படுத்தினார்கள், என்ன குறை சொன்னார்கள், நீ எதைத் திருத்தினாய் என்றெல்லாம் படிவம் கேட்கும். யாரும் பயன்படுத்தவே இல்லை என்று பட்டால், இன்னும் கொஞ்ச நாள் சோதித்துவிட்டு வா என்று திருப்பி அனுப்பவும் வழி இருக்கிறது. ஆகவே தலை எண்ணிக்கை மட்டும் காப்பாற்றாது. வாயைத் திறந்து குறை சொல்ல ஆள் வேண்டும்.

அந்த ஆள் அடுத்த தெருவிலேயே இருந்தார்.

நாங்கள் அவரை கியூ.சி. சார் என்போம். எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் தரம் பார்க்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். 1960-களில் சிறுதொழில்களுக்காகத் தொடங்கிய அம்பத்தூர் எஸ்டேட்டில், லேத்தில் கடைந்து வருகிற ஒவ்வொரு உருப்படியும் இவரைப் போன்ற ஒருவரைத் தாண்டித்தான் வெளியே போகும். கையில் கோ-நோகோ கேஜ் இருக்கும். அதன் ஒரு முனை துளைக்குள் போகவேண்டும், மறுமுனை போகக்கூடாது. இரண்டும் போனால் ரிஜெக்ட், இரண்டும் போகாவிட்டால் ரீவொர்க். நடுவில் 'பரவாயில்லை' என்று ஒரு முனை அந்தக் கேஜில் கிடையாது. சாரிடமும் கிடையாது. அதனால்தான் அவரிடம் கடைசியாகப் போனேன்.

வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கண்ணாடியை மாட்டினார். ஒரு நோட்டை எடுத்து ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டார்: வரிசை எண், தேதி, குறை, மேஜரா மைனரா, சரி செய்த தேதி. அதன் பிறகுதான் ஆப்பைத் திறந்தார்.

"முருகேசன்னு போடறேன். 200. சேவ் ஆச்சு. இன்னொரு முருகேசன், 500. அடப்பாவி, ரெண்டையும் சேர்த்து 700-னு ஒருத்தன் தலையில போட்டுட்டியே! எங்க ஊர்ல முருகேசன் எத்தனை பேர் தெரியுமா?"

"இனிஷியல் இருக்கே சார்."

"மொய் வைக்கிறவன் இனிஷியலா சொல்வான்? லாரி முருகேசன், பால்காரர் முருகேசன், கீழத்தெரு வேலாயி மகன் முருகேசன். இப்படித்தான் எழுதணும். மேஜர்." எழுதிக்கொண்டார்.

தொகை எழுதும் இடத்தில் தட்டினால் போதும் என்று 100, 200, 500, 1000 என்று பொத்தான்கள் வைத்திருந்தேன். சார் அதைப் பார்த்த பார்வையில் லேத் ஆபரேட்டர்கள் எத்தனை பேர் வியர்த்திருப்பார்களோ.

"ஒத்த ரூபா எங்க?"

"எந்த ஒரு ரூபாய் சார்?"

"101, 201, 501. முழுசா 500 வெச்சா அது மொய்யா, வாடகையா? மேஜர்."

அடுத்தது வெள்ளிக் குத்துவிளக்கு. பணமாக இல்லாமல் பொருளாக வந்தால் எங்கே எழுதுவது, எழுதினால் திருப்பிச் செய்யும்போது அன்றைய விலையா இன்றைய விலையா? மேஜர். தேதியைத் தட்டினால் இங்கிலீஷ் மாதம்தான் வருகிறது, 'வைகாசி 12' வரவில்லை. மைனர். எழுத்து சின்னது, கண்ணாடியைக் கழற்றினால் தெரியவில்லை. "மொய் எழுதறவனுக்கு வயசு என்னன்னு நெனச்ச?" மேஜர்.

பிறகு சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டார். "வெச்சவர் போய்ச் சேர்ந்துட்டா?"

"புரியலையே சார்."

"எனக்கு 1001 வெச்சவர் போன மாசம் தவறிட்டார். அவர் பேரை அழிச்சா என் கடன் அழிஞ்சிருமா? அவர் பையன் வீட்டு விசேஷத்துல நான் செய்யணும். வாரிசுன்னு ஒரு கட்டம் வேணும். இது மேஜருக்கும் மேல."

கூகுளின் படிவத்தில் இப்படி ஒரு கட்டம் இருக்காது. நீல்சனின் ஐந்து பேர் கூடி உட்கார்ந்தாலும் இது அகப்பட்டிருக்காது. அப்பா பேரில் எழுதிய மொய்யை மகன் வீட்டில் திருப்பும் மனிதர் ஒருவர், அதை மறந்தால் தனக்கு அவமானம் என்று நினைக்கிறவர், கையில் வைத்துப் பார்த்தால் மட்டுமே அது தெரியும்.

அவருக்கு ஜோடியாக இன்னொருவர் கிடைத்தார். கொரட்டூரில் தையல் கடை வைத்திருக்கும் அக்கா. ஆவணியில் அவர் மகளுக்குக் கல்யாணம். எனக்காக அல்ல, தன் காரியத்துக்காகவே பழைய நோட்டு முழுவதையும் ஆப்பில் ஏற்றிவிட்டார். தினமும் திறந்தார். "யார் இன்னும் திருப்பலன்னு பாக்கணும் தம்பி. நீ அகர வரிசைல குடுக்கற. எனக்குப் பழைய பாக்கி மேல வரணும்" என்றார். "போன் தொலைஞ்சா மொய்யும் தொலையுமா?" என்றும் கேட்டார். என் தூக்கம் அன்று தொலைந்தது. விடிவதற்குள் நகல் எடுத்துவைக்கும் வசதியை எழுதி முடித்தேன். அவர் தன் கடைக்கு வரும் கல்யாண வீட்டுக்காரர்கள் இரண்டு பேரையும் சேர்த்துவிட்டார். அவர்கள் தங்கள் சம்பந்தி வீட்டாரைச் சேர்த்தார்கள். சம்பந்திக்கு யார் எவ்வளவு வைத்தார்கள் என்று தெரிந்துகொள்ள முடியுமா என்ற கேள்வியும் உடனே வந்தது. முடியாது என்று சொல்லிவிட்டேன். அதற்கும் சாரின் நோட்டில் ஒரு வரி ஏறியது: 'இது குறை அல்ல. இப்படியே இருக்கட்டும்.'

எனக்கு அப்போதுதான் கணக்குப் பிடிபட்டது. என் மேல் பாசம் உள்ளவர்கள் என்னைப் பார்த்தார்கள், ஆப்பைப் பார்க்கவில்லை. "நம்ம பையன் செஞ்சது" என்ற பெருமையே அவர்களுக்குப் போதும்; அதைத் திறந்து பார்த்துக் குறை கண்டுபிடிப்பது அவர்களுக்கு அன்புக்கு விரோதம். திறந்து பார்த்தவர்களெல்லாம் தங்களுக்கென்று தீர்க்கவேண்டிய பாக்கி உள்ளவர்கள். கணக்கு தப்பினால் அவர்களுக்குத்தான் நஷ்டம், அவர்களுக்குத்தான் தலைகுனிவு. ராணுவம் அர்ஜுனை அந்தப் பாடு படுத்தியதும் இதனால்தானே. உள்ளே உட்கார்ந்து போகப்போவது அவர்கள். டெஸ்டர் வேண்டுமென்றால் பாசக்காரர்களைத் தேடாதீர்கள், பாக்கிக்காரர்களைத் தேடுங்கள்.

நிபந்தனை நிறைவேறியது. விண்ணப்பப் படிவத்தில் ஒரு கேள்வி: டெஸ்டர்களைச் சேர்ப்பது உங்களுக்கு எவ்வளவு சுலபமாக இருந்தது? 'மிகவும் கடினம்' என்று தட்டினேன். அதற்கு மேல் ஒரு பொத்தான் இருந்திருந்தால் அதையும் தட்டியிருப்பேன். டெஸ்டர்கள் சொன்ன குறைகளைச் சுருக்கமாக எழுதச் சொன்ன இடத்தில், ஒத்த ரூபாய் விஷயத்தையும் இறந்தவரின் வாரிசு விஷயத்தையும் இங்கிலீஷில் எழுத நான் பட்ட பாடு தனிக் கதை. படித்த புண்ணியவான் எந்த நாட்டில் இருந்தாலும், நம் கல்யாணங்களைப் பற்றிக் கொஞ்சம் கவலைப்பட்டிருப்பார்.

ஆப் வெளியே வந்தது. வெளியே வந்த பிறகுதான் பொதுவில் நட்சத்திரம் போட முடியும். குடும்பக் குழுவில் செய்தி போட்ட வேகத்தில் ஐந்து நட்சத்திரங்களாக விழ ஆரம்பித்தன. "சூப்பர்", "அருமை", "நம்ம பையன்". கில்லரும் ஐந்து போட்டிருந்தார். நடுவில் ஒரே ஒரு மூன்று நட்சத்திரம் இருந்தது. யார் என்று பார்க்கவே தேவையில்லை. நேராக அந்த வராந்தாவுக்குப் போனேன்.

"என்ன சார், எல்லாத்தையும் சரி பண்ணிட்டேனே?"

சார் நோட்டைத் திறந்து காட்டினார். எல்லா வரியிலும் சரி செய்த தேதி இருந்தது, வைகாசி 12 தவிர.

"மைனர்தானே சார் அது!"

"மைனர்னா விட்டுடலாம்னு யார் சொன்னா? ரெண்டு ஸ்டார் ஹோல்டுல இருக்கு. ரீவொர்க் பண்ணிக் கொண்டா, ரிலீஸ் பண்றேன்."